கம்பெனி நாற்காலியும் அரசு நாற்காலியும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சென்னையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நிர்வாக இயக்குநர் மத்திய அரசின் ஒரு தொழில்நுட்பக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். செய்தி வந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி போட்டார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அவர் டெல்லிக்கு எடுத்துச் சென்ற குறிப்புகளில் பலவற்றை என் பிரிவுத் தலைவரும் நானும்தான் தயாரித்தோம். அவற்றில் ஒரு பத்தி இன்றும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தொகுதி உற்பத்தியையும் ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்தில் இழுவிசைச் சோதனை (பொருளை இழுத்து அதன் வலிமையை அளக்கும் சோதனை) செய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று சொல்லும் பத்தி அது. அந்த வகை இயந்திரம் எங்களிடம் இரண்டு இருந்தன.

வரைவு விதிகள் வெளிவந்தபோது அந்தப் பத்தி நாங்கள் எழுதியபடியே, ஒரு சொல்கூட மாறாமல், அதில் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சில மாதங்கள் கழித்து, எங்களுக்குச் சிறு பாகங்கள் செய்து கொடுத்துவந்த அம்பத்தூர் லேத் பட்டறைக்காரர் ஒருவர், சோதனைக்காக வெளி ஆய்வகத்துக்குச் சரக்கை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதைச் சொல்லிவிட்டு, "சார், இதையெல்லாம் யார் சார் எழுதறாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த விதி தொழில்நுட்ப ரீதியில் சரியானதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவருடைய கேள்வி விதி சரியா தவறா என்பதைப் பற்றியதே அல்ல.

நிறுவன நிர்வாகிகள் அரசுப் பொறுப்புகளுக்கு வருவது நல்லதா கெட்டதா என்ற விவாதம் தொலைக்காட்சியில் நடக்கும்போதெல்லாம், திறமை உள்ளவர்கள் வரட்டுமே என்று ஒரு தரப்பும், முதலாளிகள் அரசைக் கைப்பற்றுகிறார்கள் என்று மறுதரப்பும் சொல்லிவிட்டுப் போகின்றன. வருபவர் எந்த வாசல் வழியாக வந்தார், வந்த பின் அவரை யார் நிற்கவைத்துக் கேள்வி கேட்க முடியும், பழைய வீட்டுச் சாவியை அவர் என்ன செய்தார் என்பவற்றை இரு தரப்பும் கேட்பதில்லை. எனக்கோ இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுபவை இவைதான். இதை யோசிக்கத் தொடங்கினால் நான் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கதைதான். ஒரு காலத்தில் மௌபரீஸ் சாலையாக இருந்து இப்போது டி.டி.கே. சாலை ஆகியிருக்கும் வழியில் தினமும் போய்வருபவன் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் 1928-இல் தொடங்கிய நிறுவனம் லீவர் கம்பெனியின் பொருள்களைத் தென்னிந்தியாவில் விநியோகித்து வளர்ந்தது. 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். வியாபாரத்தைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு முழுநேர அரசியலுக்கு வந்தார். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்தார். 1952-இல் நேருவின் அமைச்சரவையில் வணிகம், தொழில் துறைகளுக்குப் பொறுப்பேற்று, 1956-இல் நிதியமைச்சர் ஆனார். சோப்பு விற்ற வணிகர் நிதியமைச்சரானால் பணக்காரர்களுக்குச் சலுகை கொடுப்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், 1957 பட்ஜெட் அவர்களை ஏமாற்றியிருக்கும். கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோரின் பரிந்துரைகளை ஒட்டி, செல்வ வரியையும் செலவு வரியையும் இந்தியாவில் கொண்டுவந்தவர் அவர்தான். ஆகவே, எந்த வர்க்கத்திலிருந்து வருகிறாரோ அந்த வர்க்கத்துக்கே வேலை செய்வார் என்ற சூத்திரத்தை நான் நம்புவதில்லை.

அதே ஆண்டில்தான் முந்த்ரா விவகாரம் வெடித்தது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாகி ஓராண்டுகூட ஆகவில்லை. 1957 ஜூன் மாதத்தில் அந்தக் கழகம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில், தன் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்காமலேயே, ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. அந்த நாளில் அது பெரிய தொகை. அதுவும் பாலிசிதாரர்களின் பணம். அந்த நிறுவனங்களின் நிலைமை மோசம் என்பது சந்தைக்கே தெரியும். இதை நாடாளுமன்றத்தில் அந்த டிசம்பரில் எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. அவர் விசாரணையைத் திறந்த அரங்கில் நடத்தினார். உள்ளே இடம் கிடைக்காத மக்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. நிதியமைச்சகத்தின் முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேல் சாட்சி சொன்னார், அமைச்சரும் சாட்சி சொன்னார். அந்தப் பங்கு வாங்கலுக்குத் தாம் ஒப்புதல் கொடுக்கவில்லை என்பது அமைச்சரின் வாதம். தன் செயலாளர் செய்த காரியத்துக்கு அரசியல் சாசனப்படி அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா முடிவு சொன்னார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வி எழுந்ததிலிருந்து பதவி போனது வரை ஏறத்தாழ இரண்டு மாதம்தான். இன்றைக்கு ஒரு விசாரணை ஆணையத்துக்கு அலுவலகமும் நாற்காலியும் கிடைக்கவே அந்த இரண்டு மாதம் போதாது.

இந்த விவகாரத்தில் கிருஷ்ணமாச்சாரியின் சொந்த நிறுவனத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் பதவி இழந்தது வணிகர் என்பதால் அல்ல, அமைச்சர் என்பதால். மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவர், மக்கள் வாக்களித்து அனுப்பிய வேறொருவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1962 தேர்தலில் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963-இல் இரண்டாம் முறையாக நிதியமைச்சரானார். இந்தியத் தொழில் வளர்ச்சி வங்கியும் யூனிட் டிரஸ்ட் என்ற பொதுமக்கள் முதலீட்டு நிறுவனமும் அவருடைய அந்தக் காலத்தில்தான் பிறந்தன. ஆனால் இம்முறை குற்றச்சாட்டு அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. அமைச்சரின் செல்வாக்கால் மகன்களின் தொழில்கள் பலனடைந்தன என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதைத் தாமே தள்ளிவிடாமல் நீதித்துறையில் உயர்ந்த நிலையில் இருப்பவரிடம் பார்வைக்குக் கொடுக்க நினைத்தார். அதை ஏற்க மனமில்லாமல் 1965-ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிருஷ்ணமாச்சாரி விலகினார். குற்றச்சாட்டில் உண்மை இருந்ததா என்பதற்குள் நான் போகவில்லை. நிறுவனத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தால் தொடர்பு அறுந்துவிட்டது என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியை நம் நாடு அப்போதே சந்தித்துவிட்டது என்பதுதான் என் கவனத்துக்கு வருகிறது. அறுபது ஆண்டுகளாக அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் நான்கு நிதியமைச்சர்களில் மூவர் தொழில் உலகத்தோடு தொடர்புடையவர்கள் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. முதலாமவரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவையின் ஆலைத் தொழில் குடும்பத்தவர். அடுத்து வந்த ஜான் மத்தாய் சென்னையில் பொருளியல் பேராசிரியராக இருந்து பின்னர் டாடா சன்ஸ் இயக்குநர் ஆனவர். 1944-இல் டாட்டா, பிர்லா முதலிய எட்டுப் பேர் கையெழுத்திட்டு வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில் அவருடைய கையெழுத்தும் உண்டு. பதினைந்து ஆண்டுகளில் தனிநபர் வருமானத்தை இரு மடங்காக்க அரசே திட்டமிட வேண்டும் என்று கோரிய அந்த ஆவணத்தில் கையெழுத்திட்டவர், 1950-இல் திட்டக் குழு அமைச்சரவைக்கு மேலே போய்விடுகிறது என்று ஆட்சேபித்துப் பதவி விலகினார் என்பது வரலாற்றின் குறும்பு. நால்வரில் எஞ்சிய சி.டி. தேஷ்முக் ஐ.சி.எஸ். அதிகாரியாகவும் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்தவர். நால்வருமே ராஜினாமா செய்துதான் வெளியே போனார்கள். அந்தத் தலைமுறையில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது அவ்வளவு அரிய காரியமாக இல்லை போலும்.

இனி வேறொரு வாசலுக்கு வருகிறேன். 2009-இல் நந்தன் நீலகேணி இன்ஃபோசிஸிலிருந்து விலகி, இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் தலைவராகக் கேபினட் அமைச்சர் அந்தஸ்தில் பொறுப்பேற்றார். அவர் தேர்தலில் நின்று வரவில்லை, தேர்வு எழுதியும் வரவில்லை. பிரதமர் அழைத்தார், வந்தார். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் கோடிக்கணக்கான மக்களின் விரல் ரேகையையும் கருவிழிப் பதிவையும் சேர்த்து ஓர் எண்ணுக்குள் அடக்கியது அசாதாரணமான நிர்வாகச் சாதனை. அரசுத் துறையின் வழக்கமான நடையில் அது நடந்திருக்காது என்பதை அவருடைய விமர்சகர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் அந்த ஆணையம் ஒரு நிர்வாக அறிவிக்கையின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்கென்று சட்டம் கிடையாது. சட்ட முன்வரைவை ஆராய்ந்த, யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2011 டிசம்பரில் அதை ஏற்க மறுத்தது. அதன் பிறகும் பதிவு நிற்கவில்லை. சட்டம் வந்தது 2016-இல். அதற்குள் நாட்டின் பெரும்பகுதி மக்களின் ரேகை ஏற்கெனவே கணினியில் இருந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆதாரைச் செல்லும் என்று சொல்லிவிட்டு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதி உள்ளிட்ட சிலவற்றை நீக்கியது. ஒரு கம்பெனியில் முதலில் பொருளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு குறைகளைச் சரிசெய்வது பாராட்டத்தக்க வேகம். அரசில் அதே காரியத்தைச் செய்தால், யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்ற கேள்வி பின்னால் ஓடிவந்துகொண்டே இருக்கும். நீலகேணியின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. 2014-இல் அவர் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரஸ் வேட்பாளராகப் பெங்களூரு தெற்கில் நின்று, அனந்த் குமாரிடம் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். வேட்பு மனுவில் அவரும் மனைவியும் காட்டிய சொத்து ஏறத்தாழ 7,700 கோடி ரூபாய், பெரும்பகுதி இன்ஃபோசிஸ் பங்குகள். கேபினட் அந்தஸ்தில் இருந்த ஐந்து ஆண்டுகளில் யாரும் கட்டாயப்படுத்தாத அந்தக் கணக்கு, வாக்குக் கேட்டு வந்த மாதத்தில் தேர்தல் ஆணையத்தின் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. எனக்கு ஜனநாயகத்தின் மேல் மதிப்பு கூடிய தருணங்களில் அதுவும் ஒன்று.

மூன்றாவது வாசல், வெளியே இருப்பவர்களை அரசின் உயர் அதிகாரப் பதவிகளில் அமர்த்துகிற, லேட்டரல் என்ட்ரி என்று பத்திரிகைகள் எழுதும் நேரடி நியமனம். இது புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் கருவேலியில் பிறந்து சென்னை மின்துறையில் வேலை தொடங்கி, திருச்சி பெல் ஆலையை நடத்தி, பின் அந்த நிறுவனத்தின் தலைவராகி, 1977-இல் மத்திய அரசின் கனரகத் தொழில்துறைச் செயலாளராக உட்கார்ந்த வி. கிருஷ்ணமூர்த்தி ஐ.ஏ.எஸ். அல்லர். ஆனால் அவர் வந்தது பொதுத்துறையிலிருந்து. அவருக்கு முந்தைய முதலாளியும் அரசுதான். 2018-இல் மோடி அரசு பத்து இணைச் செயலாளர் பதவிகளுக்கு விளம்பரம் கொடுத்தபோது தனியார் நிறுவன அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம், தேவைப்பட்டால் ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். 2024 ஆகஸ்ட் 17 அன்று 45 பதவிகளுக்கான விளம்பரம் வந்தது; ஒவ்வொன்றும் தனித்தனிப் பதவி என்று கணக்கிடப்பட்டதால் இட ஒதுக்கீடு கிடையாது. எதிர்க்கட்சிகள் மட்டுமல்லாமல் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

இட ஒதுக்கீட்டுக் கேள்வி நியாயமானது. அது எழுந்ததால்தான் விளம்பரம் நின்றது. ஆனால் அந்த மூன்று நாள் கூச்சலில் இன்னொரு கேள்வி யார் வாயிலிருந்தும் வரவில்லை. மூன்றாண்டு முடிந்து அந்த இணைச் செயலாளர் எங்கே திரும்பிப் போவார்? ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தனியார் வேலையில் சேர வேண்டுமானால் ஓராண்டு பொறுக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி பெற வேண்டும் என்று விதி உண்டு. முப்பது ஆண்டு அரசில் இருந்துவிட்டுப் போகிறவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், தனியாரிடமிருந்து வந்து மூன்றாண்டு உட்கார்ந்துவிட்டு அங்கேயே திரும்பப் போகிறவரைப் பற்றி அதைவிட அதிகமாக அல்லவா கவலைப்பட வேண்டும்?

அமைச்சர்களுக்கு ஒரு நடத்தை நெறி இருக்கிறது. பதவி ஏற்பதற்கு முன் நடத்திவந்த தொழிலின் நிர்வாகத்திலிருந்து முழுவதும் விலக வேண்டும் என்கிறது. ஆனால் உரிமையை விட வேண்டியதில்லை என்றும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. மத்திய அமைச்சர்கள் விஷயத்தில் இதைக் கண்காணிக்க வேண்டியவர் பிரதமர். சட்டம் அல்ல, நெறி மட்டுமே. மீறினால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அமெரிக்காவின் பணநாயகத்தைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் விதி கறாரானது. 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் சார்லஸ் வில்சனைப் பாதுகாப்பு அமைச்சராக்க ஐசனோவர் நினைத்தபோது, செனட் குழு அவரை உட்காரவைத்துக் கேட்ட முக்கியமான கேள்வியே, கையில் இருக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான். நாட்டுக்கு நல்லது கம்பெனிக்கும் நல்லது, கம்பெனிக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்றே இத்தனை காலம் நினைத்துவந்தேன் என்ற பொருளில் அவர் சொன்னது அந்த இடத்தில்தான். தயங்கினாலும், விற்றுவிட்டுத்தான் பதவிக்கு வந்தார். 2006-இல் கோல்ட்மேன் சாக்ஸ் தலைவர் ஹென்றி பால்சன் நிதியமைச்சரானபோதும் தன்னிடமிருந்த அந்த நிறுவனப் பங்குகளை விற்றார். அப்படிக் கட்டாயமாக விற்பவருக்கு மூலதன ஆதாய வரியைத் தள்ளிவைக்கும் சலுகையும் அங்கே உண்டு. விற்கச் சொல்லவும் வேண்டும், விற்பவர் நஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல ஆள்கள் வருவார்கள். நம்மிடம் இரண்டும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வாசல், எந்த விளம்பரமும் இல்லாத நான்காவது வாசல்: குழுக்கள். ஆலோசனைக் குழு, வல்லுநர் குழு, பணிக்குழு, வரைவுக் குழு. சட்டத்தில் இடம் உள்ளவையும் உண்டு. ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழுவில் தொழிலதிபர்களை நியமிப்பது பழைய வழக்கம், 2022-இல் டி.வி.எஸ். மோட்டாரின் வேணு சீனிவாசனும் ஆனந்த் மஹிந்திராவும் அப்படி நியமிக்கப்பட்டார்கள். அது அரசிதழில் வருகிறது, யார் எந்தக் கம்பெனிக்காரர் என்பது ஊருக்கே தெரிகிறது. நான் சொல்வது அரசிதழில் வராதவற்றை. ஒரு துணைச் செயலாளரின் கடிதத்தில் உருவாகி, நான்கு முறை கூடி, ஒரு வரைவைக் கொடுத்துவிட்டுக் கலைந்துபோகும் குழுக்கள். நாட்டின் அன்றாட விதிகளில் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்படுகிறது. அங்கே தொழில்துறைக்காரர்கள் இருக்கத்தான் வேண்டும். இழுவிசைச் சோதனை என்றால் என்ன என்று தெரியாத அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதும் விதி எப்படி இருக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு இயந்திரம் வைத்திருப்பவர் உட்காரும் மேசையில் ஓர் இயந்திரமும் இல்லாதவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும், எந்தப் பத்தியை யார் கொடுத்தார் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். அம்பத்தூர் பட்டறைக்காரர் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு நான் மிகத் தாமதமாகப் பதில் தேடினேன். வேலையை விட்டு வந்த பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு, அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பித்தேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் ஆறு ரூபாய் கட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்தது, கட்டினேன். மூன்று பக்கங்கள் வந்தன. விவாதக் குறிப்புகள் கோப்பில் இல்லையாம். கூட்டத் தேதிகளும் வருகைப் பட்டியலும் மட்டும் இருந்தன. நான்கு கூட்டத்திலும் எங்கள் நிர்வாக இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவரவர் சார்ந்த அமைப்பைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. அதிகாரிகளுக்கு நேரே துறையின் பெயர், பேராசிரியருக்கு நேரே கல்லூரியின் பெயர். அவருக்கு நேரே, "தொழில்துறை வல்லுநர்" என்று மட்டும் எழுதியிருந்தது.